பாதி வசனம்

அத்தியாயம் 11

செல்வின் கிளம்பும்போது கிரில் கதவை வெளியிலிருந்து பூட்டினான். பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியைப் பேண்ட் பைக்குள் போட்டுக்கொண்டான். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே மனைவி ஷெர்லினிடம், "சாப்பாட்டு நேரத்துக்கெல்லாம் வந்துடறேன். நீ ரெடியா இரு. நான் உள்ள வந்ததும் நீ கிளம்பிடலாம்" என்றான்.

இன்றைக்கு ஒரு நாள் பூட்டாமல் போங்களேன் என்று சொல்ல ஷெர்லினுக்கு வாய்வரை வந்தது.  காலை வேளையில் சண்டை வேண்டாம். மதியம் அவன் வரவேண்டும், அதுதான் முக்கியம்.

அவன் படியிறங்கும் சத்தம் தேய்ந்து மறையும்வரை அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மந்தைவெளியில் அந்த இரண்டாவது மாடி வீட்டுக்கு வெளிப்பூட்டு வந்த கதை, வாரந்தோறும் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. ஷெர்லினின் மாமனார் அய்யாதுரை மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு அவருக்கு மறதி வந்தது. முதலில் கண்ணாடியை வைத்த இடம் மறந்தது. பிறகு கிழமை. பிறகு மகன். மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்பு ஒரு காலையில் யாரிடமும் சொல்லாமல் வெளியே போய்விட்டார். சைதாப்பேட்டை ஸ்டேஷன் பிளாட்பாரத்தில், செருப்பில்லாத காலோடு, சொந்த ஊர் நாசரேத்துக்குப் போகிற ரயிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தவரைக் கண்டுபிடித்து அழைத்து வந்தார்கள்.

அன்றைக்குக் கிரில் கதவுக்கு உள்பூட்டுப் போட்டார்கள். ஷெர்லின் தலையணைக்கு அடியில் வைத்த சாவியை அவர் எடுத்துவிட்டார். அரிசி டப்பாவுக்குள் வைத்தாள். அதையும் எடுத்துவிட்டார். ஒரு நாளைக்கு மட்டும் வெளியே பூட்டிக்கொண்டு போகிறேன் என்றான் செல்வின். மறுநாளும் பூட்டினான். அதற்கப்புறம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இன்னொரு சாவி அடையாறில் செல்வினின் அக்கா பியூலாவிடம் இருந்தது.

கேஸ் அடுப்பைப் பற்ற வைக்கும்போதெல்லாம் ஷெர்லின் ஒரு தடவை வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொள்வாள். ஏதாவது ஒன்று ஆனால் எப்படி வெளியே போவது என்று யோசிப்பாள். குக்கர் விசில் வந்ததும் அந்த யோசனையை விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள்.

பெருங்குடியில் அவள் பார்த்துக்கொண்டிருந்த சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையை விட்டதும் இப்படித்தான். முதலில் லீவு போட்டாள். லீவை நீட்டினாள். ஒரு நாள் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். பிள்ளை இல்லாத வீடு, நீ வீட்டில் இருந்தால் என்ன கஷ்டம் என்று பியூலா மதினி கேட்டாள்.

நேற்று மாலை ஃபிசா கூப்பிட்டிருந்தாள். பழைய டீமில் ஷெர்லினுக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தவள், இப்போது அந்த டீமுக்கே பொறுப்பாளர். ஓர் இடம் காலியாகிறது, மேனேஜர் நேரில் பார்த்துப் பேச வேண்டும் என்கிறார், நாளை மூன்று மணிக்கு வர முடியுமா என்று கேட்டாள்.

"வர முடியும்னா மட்டும் சொல்லு ஷெர்லின். இதை விட்டா அடுத்தது எப்போன்னு எனக்கே தெரியாது."

வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் ஷெர்லின் செல்வினிடம் கேட்டாள். அவன் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், சரி, அரைநாள் லீவு போடுகிறேன் என்றான். அவன் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஹாலில் குறுக்கே கட்டிய கொடியில் ஈரத்துணி காயாமல் கிடந்து ஒரு வாடை அடித்தது. ஷெர்லின் மாமனாரைக் குளிக்க வைத்தாள். இட்லியைப் பிய்த்து ஊட்டினாள். அவர் பாதியைத் துப்பினார். ஏ பிள்ளே, நீ எந்த ஊர் என்று கேட்டார். மார்த்தாண்டம் மாமா என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னாள்.

அவர் கண்ணயர்ந்த நேரத்தில் நீலச் சுரிதாரை இஸ்திரி போட்டாள். பழைய சர்ட்டிஃபிகேட்டுகளை எடுத்து ஒரு ஃபைலில் வைத்தாள். கண்ணாடி முன் நின்று தலை வாரியபோது முன்நெற்றியில் நரை கூடியிருப்பது தெரிந்தது. வகிட்டை மாற்றி எடுத்தாள்.

சாப்பாட்டு நேரம் வந்தது. செல்வின் வரவில்லை. அவள் கூப்பிட்ட முதல் இரண்டு தடவையும் எடுக்கவில்லை. பிறகு அவனே கூப்பிட்டான். குரல் தாழ்ந்திருந்தது. தி. நகரில் அவன் கணக்குப் பார்க்கும் ஜவுளிக்கடையில் திடீரென்று ஸ்டாக் ஆடிட் வைத்துவிட்டார்களாம். முதலாளி எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாராம். எழுந்து வர வழியே இல்லையாம்.

"வீடியோ கால்ல பேசிக்கலாமான்னு ஃபிசாகிட்ட கேட்டுப் பாரேன்" என்றான்.

"நேர்ல வரச் சொன்னாங்கன்னு உங்ககிட்ட சொன்னேனே."

"நான் என்ன பண்ணட்டும் ஷெர்லி? அடுத்த வாரம்னு கேட்டுப் பாரு" என்று சொல்லி வைத்துவிட்டான்.

ஷெர்லின் பியூலாவைக் கூப்பிட்டாள். ஒரு மூன்று மணி நேரம் வந்து அப்பாவோடு இருந்தால் போதும், சாவியும் உங்களிடம்தானே இருக்கிறது என்று கெஞ்சாத குறையாகக் கேட்டாள். பியூலா தன் கணவருக்கு மதியச் சாப்பாடு வைக்க வேண்டும் என்றாள். அதன் பிறகு சபையில் பெண்கள் ஜெபக்கூட்டம், அன்றைக்கு அவள்தான் நடத்த வேண்டும். கடைசியில் குரலை மிருதுவாக்கிக்கொண்டு, "யார் தாங்குவாங்கன்னு ஆண்டவருக்குத் தெரியும்மா. அதான் உன்கிட்ட குடுத்திருக்காரு" என்றாள்.

போனை வைத்த கையோடு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்து விழுந்தது. ரோஜாப்பூ, சூரிய உதயம், நடுவில் ஒரு வசனம். உங்கள் திராணிக்கு மேலாகத் தேவன் உங்களைச் சோதிக்க விடமாட்டார் என்று. கீழே கைகூப்பிய பொம்மைகள்.

வசனத்தோடுதான் ஷெர்லின் வளர்ந்தாள். சின்ன வயதில் சமையலறைச் சுவரில் தொங்கும் வசன நாள்காட்டியில் அன்றைய தாளைக் கிழிக்கிற உரிமைக்குத் தம்பியோடு சண்டை போட்டிருக்கிறாள். பரீட்சைக்குப் போகும் வழியில் அந்தத் தாளை மடித்துப் பென்சில் பெட்டிக்குள் வைத்துக்கொள்வாள். அது உள்ளே இருக்கிறது என்ற நினைப்பே போதும், கை நடுங்காது. ஆனால் இந்தச் சில மாதங்களாக யார் எந்த வசனம் அனுப்பினாலும் அதில் 'பொறு' என்கிற ஒரே ஒரு சொல்தான் அவள் கண்ணில் பட்டது. பியூலா அனுப்பினாள். சபைப் பெண்கள் குழுவில் யார் யாரோ அனுப்பினார்கள். எல்லாரும் சேர்ந்து அந்தக் கிரில் கதவுக்கு ஆளுக்கொரு பூட்டுப் போடுவது போல இருந்தது.

வராண்டாவில் சத்தம் கேட்டது.

அய்யாதுரை எழுந்துவிட்டார். வெள்ளைச் சட்டையைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பொத்தான் மாறிப் போயிருந்தது. கிரில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

"கதவைத் திற. ஞாயிறு பள்ளிக்கு நேரமாச்சு. பிள்ளைகள் வந்திருக்கும்."

இன்றைக்கு வியாழக்கிழமை மாமா என்றாள். அவர் கேட்கவில்லை. அவள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் உதறிய வேகத்தில் முழங்கை அவள் உதட்டில் பட்டு, பல் குத்தி, ரத்தம் கசிந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. கம்பியை மறுபடியும் உலுக்கினார். பூட்டு ஆடிக் கதவில் மோதிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் ஷெர்லினுக்கு அந்த எண்ணம் வந்தது. இந்தப் பூட்டு மட்டும் இப்போது திறந்துகொண்டால், இவர் பாட்டுக்குப் போகட்டும் என்று விட்டுவிட்டால். தெருமுனை வரை போவார். அதற்கப்புறம் மெயின் ரோடு. பஸ், லாரி, மழை. யாரும் எதுவும் கேட்க முடியாது. தூங்கிவிட்டேன், பார்க்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

அவர் திரும்பி வராமலே போகட்டும் என்று அவள் மனசு முழுசாக ஆசைப்பட்டது.

ஒரு நிமிஷம்கூட இருக்காது. ஆனால் அந்த ஆசை எவ்வளவு தெளிவாக வந்தது என்பதை நினைத்ததும் அவள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். கையில் இன்னும் போன் இருந்தது. பியூலா அனுப்பிய படம் திரையில் அப்படியே இருந்தது.

அவளுக்கு எங்கிருந்தோ ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "கேட்டுக்கங்க மாமா. உங்க மக வசனம் அனுப்பியிருக்காங்க" என்று சொல்லி, கம்பிச் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி அந்த ரோஜாப்பூ வசனத்தை ஒவ்வொரு வார்த்தையாக வாசித்தாள். பழிப்புக் காட்டுகிற குரலில்தான் வாசித்தாள்.

கம்பி உலுக்குவது நின்றது.

அய்யாதுரை திரும்பினார். மின்வாரிய வேலையைவிட அதிக காலம் அவர் சபையில் ஞாயிறு பள்ளிக் கண்காணிப்பாளராக இருந்தவர். வருஷாவருஷம் மனப்பாட வசனப் போட்டிக்கு மார்க் போட்டவர். முதுகு நிமிர்ந்தது. ஆள்காட்டி விரலை நீட்டினார்.

"மீதி?"

"என்ன மாமா?"

"மீதியைச் சொல்லு."

"அவ்வளவுதான் மாமா. அவ்வளவுதான் போட்டிருக்கு."

"பாதி சொன்னா மார்க் கிடையாது" என்றார் அவர் கறாராக. "போய் நல்லா படிச்சிட்டு வா. அடுத்த பிள்ளை."

அவருக்கு மீதி தெரிந்திருந்ததா இல்லையா என்று ஷெர்லினுக்கு இன்றுவரை தெரியாது. அவர் முகத்தில் அதற்கான அடையாளம் எதுவும் இல்லை. பிள்ளை பாதியில் நிறுத்திவிட்டது என்கிற எரிச்சல் மட்டும் இருந்தது. அதோடு மறுபடியும் கம்பி பக்கம் திரும்பிவிட்டார்.

அவள் உதட்டைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அலமாரியில் அவருடைய பெரிய எழுத்து வேதாகமம் இருந்தது. போனில் வந்த படத்தின் அடியில், வசனம் வரும் இடத்தைச் சின்னதாகப் போட்டிருந்தார்கள். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம், பத்தாம் அதிகாரம். புரட்டி எடுத்து நின்றுகொண்டே வாசித்தாள்.

திராணிக்கு மேல் சோதிக்க விடமாட்டார் என்று சொல்லி அந்த வசனம் நின்றுவிடவில்லை. அதே மூச்சில் மேலே போனது. சோதனையோடுகூட, அதிலிருந்து தப்பிக்கொள்ளும்படியான ஒரு போக்கையும் அவர் உண்டாக்குவார் என்று இருந்தது.

ஷெர்லின் இந்த வசனத்தை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். விடுமுறை வேதாகமப் பள்ளியில் இதை ஒப்பித்து டிஃபன் பாக்ஸ்கூடப் பரிசு வாங்கியிருக்கிறாள். பின்பாதி எப்போது அவளை விட்டுப் போனது என்று தெரியவில்லை. அனுப்புகிறவர்கள் எல்லாரும் முன்பாதியோடு நிறுத்திக்கொண்டார்கள். அவளும் நிறுத்திக்கொண்டாள்.

அவள் இன்னொன்றையும் யோசித்தாள். மாமாவைப் பார்த்துக்கொள்வதுதான் தனக்கு வந்த சோதனை என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். அது இல்லை. சற்று முன் கம்பியருகே நின்று அவர் திரும்பி வரவேண்டாம் என்று ஆசைப்பட்டாளே, அதுதான் சோதனை. இந்தப் பூட்டுக்குள் இன்னும் கொஞ்ச நாள் இருந்தால் அந்த ஆசை மறுபடியும் வரும். வந்தால் இன்றைக்குப் போல் பயமுறுத்திவிட்டுப் போகாது. பழகிப் போகும்.

வேதாகமத்தை மூடாமலே கட்டிலில் வைத்தாள். ஜெபம் என்று பெரிதாக ஒன்றும் வரவில்லை. "போக்கைக் காட்டும் ஆண்டவரே. இப்பவே காட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

பிறகு பால்கனிக்குப் போய் வாட்ச்மேன் பாலுவைக் கூப்பிட்டாள்.

பாலு குடையோடு மேலே வந்து கிரிலுக்கு வெளியே நின்றான். சாவி இன்னாச்சுக்கா என்று கேட்டான். சாவி இல்லை, பூட்டை உடை என்றாள் ஷெர்லின். அவன் தயங்கினான்.

"சாரு வந்து கேட்டா இன்னான்னு சொல்றது?"

"நான்தான் உடைக்கச் சொன்னேன்னு சொல்லு."

அவன் கீழே போய் ஓர் இரும்புக் கம்பியோடு வந்தான். பூட்டு பலமான பூட்டு. நாதாங்கிதான் முதலில் விட்டுக்கொடுத்தது. நெம்பிக்கொண்டே பாலு சொன்னான்: "எனக்கும் மன்சுக்கு ஒரு மாறியாத்தான் இருந்துச்சுக்கா. உள்ள ஆளுங்க கீறாங்க, வெளிய பூட்டு தொங்கிக்கினு கீது. பெரிய எடத்து வெவகாரம், நம்ம எப்டி கேக்கறதுன்னு கம்முனு இருந்துட்டேன்."

கதவு திறந்ததும் அய்யாதுரை வெளியே ஓடிவிடுவார் என்று நினைத்து அவள் அவர் கையைப் பிடித்திருந்தாள். அவர் ஓடவில்லை. திறந்த வாசலைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றார். அவளே சட்டைப் பொத்தான்களைச் சரியாகப் போட்டுவிட்டு, செருப்பை மாட்டி, தன் ஃபைலையும் எடுத்துக்கொண்டு படியிறக்கினாள்.

ஆட்டோ லஸ் முனையில் தேங்கிய தண்ணீரில் மெதுவாக நீந்திக்கொண்டு போனது. அய்யாதுரை சமர்த்தாக உட்கார்ந்து வெளியே வேடிக்கை பார்த்தார். எங்கே போகிறோம் என்று கேட்டார்.

"உங்க பையனைப் பார்க்க மாமா."

"பள்ளிக்கூடம் விட்டாச்சா?"

"இன்னிக்குச் சீக்கிரம் விட்டுட்டாங்க" என்றாள்.

உஸ்மான் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் அந்த ஜவுளிக்கடை. மழையானாலும் கூட்டம் குறையவில்லை. கடைசி மாடியில்தான் கணக்குப் பிரிவு. லிஃப்டிலிருந்து இறங்கியதும் எதிரே வந்தவர் செல்வினோடு வேலை பார்க்கும் வெங்கடேஷ். ஒரு கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்கிறார். அவளையும் பெரியவரையும் பார்த்துத் திகைத்துப்போய், என்ன மேடம் இவ்வளவு தூரம் என்றார்.

ஆடிட் நடக்கிற நேரத்தில் வந்து தொந்தரவு செய்கிறேன், ஐந்து நிமிஷம் செல்வினைப் பார்க்க முடியுமா என்று கேட்டாள் ஷெர்லின்.

"ஆடிட்டா? அது போன வாரமே முடிஞ்சிருச்சே மேடம்" என்றார் வெங்கடேஷ். "செல்வின் உள்ளதான் சாப்பிட்டுட்டு இருக்காரு. போங்க."

ஷெர்லின் மாமாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

செல்வின் தன் மேஜையில் தனியாக உட்கார்ந்திருந்தான். முன்னால் அவள் காலையில் கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதம் திறந்திருந்தது. முதலாளியும் இல்லை, யாரும் இல்லை. அவளைப் பார்த்ததும் சாதம் ஒட்டிய கையோடு எழுந்தான். பூட்டினேனே என்று அவன் வாய் முணுமுணுத்தது.

"பூட்டை உடைச்சுட்டேன்" என்றாள் ஷெர்லின்.

பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு மாமனாரை அதில் உட்கார வைத்தாள். கோபமாகப் பேச வேண்டும் என்று ஆட்டோவில் வரும்போது வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள். இப்போது அதெல்லாம் வரவில்லை. பக்கத்து மேஜைக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"ஏன் பொய் சொன்னீங்கன்னு இப்போ கேக்க நேரமில்ல. ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க. இன்னிக்கு மதியம் இவரை வெளிய விட்டுடலாமான்னு எனக்குத் தோணிச்சு. திரும்பி வராமப் போகட்டும்னு தோணிச்சு. நான் அந்த மாதிரி ஆளா ஆகறதுக்கு முன்னாடி வெளிய வரணும். அதுக்குத்தான் வந்துட்டேன்."

செல்வின் உட்கார்ந்துவிட்டான்.

"அரைநாள் நீங்க பார்த்துக்கறதா சொன்னீங்க. பார்த்துக்கங்க. சாதத்தை நல்லா மசிச்சுக் குடுங்க, இல்லன்னா துப்பிடுவாரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியிலேயே இறங்கினாள். தெருவுக்கு வந்ததும் ஃபைலை இடுக்கிக்கொண்டு பெருங்குடிக்கு ஆட்டோ பிடித்தாள்.

பெருங்குடி போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி தாண்டிவிட்டது. ஃபிசா வாசலிலேயே நின்றிருந்தாள். ஷெர்லினின் வீங்கிய உதட்டைப் பார்த்தாள். ஓய்வறைக்கு அழைத்துப்போய் முகம் கழுவ வைத்து, தன் துப்பட்டாவாலேயே துடைத்துவிட்டு, மேனேஜர் அறைக்குள் அனுப்பினாள்.

மேனேஜர் இடைவெளி விட்ட காரணத்தைக் கேட்டார். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றாள். இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்றார். "அவரோட மகன்" என்றாள் ஷெர்லின். சொல்லி முடித்த பிறகுதான், இந்தக் கேள்விக்கு இப்படி ஒரு பதில் இருக்கிறது என்பதே தனக்கு இதுவரை தோன்றவில்லை என்று நினைத்தாள். பிறகு வேலையைப் பற்றிக் கேட்டார். மறந்துவிட்டது என்று பயந்ததெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. திங்கட்கிழமை சேர்ந்துவிடுங்கள் என்றார்.

வெளியே வந்ததும் செல்வினைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்று மறுபடியும் கூப்பிட்டாள். மத்திய கைலாஷ் வரும்போது மறுபடியும். போன் அடித்துக்கொண்டே இருந்து நின்றது.

அவளுக்குள் பழையபடி இருட்டு கவிழ்ந்தது. தி. நகர்க் கூட்டத்தில் அவர் நழுவியிருந்தால்? மதியம் என்ன ஆசைப்பட்டாளோ அது இப்போது நடந்திருந்தால்? பஸ் ஜன்னலில் மழை அடித்தது. தப்பிக்கப் போக்கு உண்டென்று வாசித்தாளே தவிர, அந்த வழியில் பயம் இருக்காது என்று எங்கேயும் வாசிக்கவில்லை. அவர் எங்கே இருந்தாலும் அவரைக் காத்துக்கொள்ளும் ஆண்டவரே என்று அடையாறு பாலம் தாண்டும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள். அப்படிச் சொல்ல முடிந்ததில், அவர் மேல் தனக்கு இன்னும் பாசம் மிச்சமிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

வீட்டில் யாரும் இல்லை. கிரில் கதவு பாதி திறந்தபடி கிடந்தது. அவள் விளக்கைப் போட்டுவிட்டு வாசலிலேயே நின்றாள்.

தெருவிளக்கு எரியத் தொடங்கிய நேரத்தில் கீழே ஆட்டோ நின்றது. செல்வின் அப்பாவைத் தோளோடு அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏற்றிக் கூட்டி வந்தான். அய்யாதுரை விலைச்சீட்டு கிழிக்காத ஒரு புதுச் சட்டையும் புது வேட்டியும் உடுத்தியிருந்தார். செல்வினின் சட்டை முழுக்க நனைந்திருந்தது. போன் ஆபீஸ் மேஜையிலேயே கிடந்துவிட்டது, பாதி வழியில் ஞாபகம் வந்து போய் எடுத்து வந்தேன் என்றான்.

அப்பாவைப் படுக்க வைத்த பிறகு அவன் சமையலறை வாசலில் வந்து நின்றான். அப்பா நாற்காலியிலேயே நனைத்துக்கொண்டது, வெங்கடேஷைத் துணைக்கு வைத்துக்கொண்டு கழிவறையில் சுத்தம் செய்தது, கீழ்மாடியில் உடுப்பு வாங்கி மாற்றியது எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். இதுவரை ஒரு தடவைகூட அவன் அதைச் செய்ததில்லை.

"எனக்கு அவர்கூடத் தனியா இருக்கப் பயம் ஷெர்லி" என்றான். "நீ யாருன்னு கேப்பாரு. அதைக் கேக்க எனக்குத் தெம்பு இல்ல. அதான் உன்னை நடுவுல நிறுத்திட்டு நான் ஆபீஸ்ல உக்கார்ந்துக்கிட்டேன்."

"இன்னிக்குக் கேட்டாரா?"

"கேட்டாரு. செல்வின்னு சொன்னேன். அந்தப் பேர்ல எனக்கு ஒரு மகன் இருக்கான்னு சொன்னாரு."

அவன் அழுதான். ஷெர்லின் அவனைத் தேற்றவில்லை. அவளுக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. தீர்ந்தது போல் காட்டிக்கொள்ளவும் மனசில்லை. ஒரு துண்டை எடுத்துக் கொடுத்து, தலையைத் துவட்டிக்கங்க என்றாள். பிறகு, திங்கட்கிழமை வேலையில் சேர்கிறேன் என்று சொன்னாள். இந்தத் தடவை அவனிடம் கேட்கவில்லை.

திங்கள் நான் லீவு போடுகிறேன் என்றான் செல்வின். செவ்வாய்க்கிழமைக்கு என்ன செய்வது என்று இருவரும் யோசித்தார்கள். பகலில் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கலாமா, யாரைக் கேட்பது, அப்பா புது முகத்தை ஏற்பாரா என்று பேசிக்கொண்டிருந்தபோது செல்வினின் போன் அடித்தது. பியூலா.

பூட்டு உடைந்த செய்தி அடையாறுக்குப் போய்விட்டது, இனி பிரசங்கம்தான் என்று ஷெர்லின் நினைத்தாள். செல்வின் ஒரு கணம் போனையே பார்த்தான். பிறகு எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, அக்கா பேசுவதற்கு முன் தானே பேசினான்.

"அக்கா, திங்கட்கிழமையிலேருந்து ஷெர்லின் வேலைக்குப் போறா. செவ்வாய்க்கிழமை நீ வந்து அப்பாவைப் பார்த்துக்கணும். கூட்டம் கீட்டம்னு சொல்லாத."

 லைன் கட்டாகிவிட்டதோ என்று செல்வின் திரையைப் பார்த்தான். அப்போதுதான் அழுகிற சத்தம் கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டு, யாருக்கும் கேட்கக் கூடாது என்று அழுகிற சத்தம்.

"செவ்வாய் வரைக்கும் எதுக்குடா?" என்றாள் பியூலா. "இப்பவே வந்துடட்டுமா? வந்தா திரும்பி இங்க அனுப்ப மாட்டீங்களே?"

 ஷெர்லின் அவன் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"எங்க இருக்கீங்க மதினி?"

"வீட்ல. பாத்ரூம்ல. அவரு கதவுக்கு வெளிய நிக்கறாரு."

"கதவை உள்பக்கமாப் பூட்டியிருக்கீங்களா?"

"ம்."

"அங்கயே இருங்க. போனை வைக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே ஷெர்லின் செருப்பை மாட்டினாள். "நான் கிளம்பிட்டேன்."